மேடைக்கடியில் குடங்கள்

என் மாமா நல்ல உயரம், நல்ல நிறம். குரல் மட்டும் கொசுவுக்குப் பங்காளி. அதைக் கேட்டே இரண்டு பெண் வீட்டார் காபியைக் குடித்துவிட்டு நழுவியிருந்தார்கள். ஆகவே பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு குடும்பம், மாப்பிள்ளை நடிக்கும் நாடகத்தையே பார்க்க வருவதாகச் சொன்னபோது அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். நீலசந்திராவில் எங்கள் தெருத் திருவிழா நாடகம் அது. மாமாதான் ராஜா. மைக் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டோம். பரீட்சை நேரம் என்று போலீஸ்காரர்கள் மைக்குக்கு அனுமதி தரவில்லை.

மாமா அசரவில்லை. "மைக்கு எதுக்குக்கா? அந்தக் காலத்துல மேடைக்கு அடியில காலிப் பானைய வச்சே ஊருக்கெல்லாம் கேக்க வச்சிருக்காங்க. பேப்பர்ல போட்டிருக்கான்" என்றார்.

எங்கள் தெருவில் மண்பானை ஏது? பிளாஸ்டிக் குடங்கள்தான் வாசலுக்கு வாசல் கிடந்தன. குழாயில் தண்ணீர் என்றைக்கு, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதே. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் இருந்திருந்தால் அவர்களும் அதைத்தான் வைத்திருப்பார்கள் என்று சொல்லி, மாமா வீடு வீடாகக் குடம் வாங்கிப் பலகை மேடைக்கு அடியில் அடுக்கினார். எடுத்துக் கொடுத்தவன் நான். பெருமை தாங்கவில்லை எனக்கு.

வித்தை பலித்தது, காலுக்கு மட்டும். ராஜா நடந்தால் இடி இடித்தது. வாயைத் திறந்தால் அதே கொசு. முன்வரிசையில் பெண்ணுக்குப் பக்கத்தில் அவள் அப்பா காதோரம் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எதிரி நாட்டின் மீது ராஜா வாளை உருவிய நேரத்தில் தெருமுனையிலிருந்து எதிர்வீட்டுக் கன்னடத்தம்மா கத்தினாள்: "நீரு பந்த்து! நீரு பந்த்து!"

தண்ணீர் வந்தபிறகு எந்த ராஜாவுக்கு மரியாதை? பெண்கள் அத்தனை பேரும் குடத்துக்காக மேடைக்கடியில் பாய்ந்தார்கள். தள்ளுமுள்ளு. மாமா போரை நிறுத்திவிட்டு, கிரீடத்தோடு உள்ளே தவழ்ந்து, யார் குடம் எது என்று பார்த்துப் பார்த்து வெளியே நீட்டினார். கடைசியில், பக்கத்து வீட்டு நிறைமாதக்காரியின் குடத்தைத் தானே நிரப்பித் தூக்கிக்கொண்டு போனார். நாடகம் அதோடு சரி. இந்தச் சம்பந்தமும் போயிற்றென்று அம்மா அழுதாள்.

அடுத்த வாரம் பெண் வீட்டார் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்! எல்லாம் குடங்களின் மகிமை, மாமாவின் வசனம் எப்படியோ அவர்கள் காதில் விழுந்துவிட்டது என்றே நெடுங்காலம் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் இதை விஞ்ஞானமாகவே எடுத்துச் சொன்னேன்.

பெரியவனான பிறகு ஒருநாள், "மாமா பேசுனது உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை சிரித்தாள். "வசனமா? ஒரு வார்த்தைகூடக் கேக்கல. 'தள்ளாதீங்கம்மா, புள்ளத்தாச்சி இருக்காங்க'ன்னு மேடைக்கு அடியில இருந்து சொன்னாரு பாரு, அது மட்டும் கணீர்னு கேட்டுச்சு."