முசிறியைப் பார்த்திராத நாகலெட்சுமி

உங்கள் ஊர் எது என்று கேட்டால், ஒருநாள்கூட மிதித்திராத மண்ணின் பெயரைச் சொல்வீர்களா? சிரிக்க வேண்டாம். இலங்கையில் பூண்டுலோயாவுக்கு மேலே, பிரையர்மவுண்ட் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பேசத் தெரிந்த அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். துறையூர், முசிறி, நாமக்கல். பாட்டன் புறப்பட்டு வந்த ஊரைச் சொல்வது அங்கே மரியாதை. கல்யாணப் பேச்சிலும் அதுதான் முதல் கேள்வி, சாவு வீட்டிலும் அதுதான்.

நாகலெட்சுமியும் அப்படிச் சொல்லி வளர்ந்தவள். கொழுந்து பறிக்கிறவள், வயது முப்பத்தாறு. புருஷன் ஆண்டியப்பன் காய்ச்சலில் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக நின்றாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய பிரஜாவுரிமை மனுவில் கைநாட்டு வைத்தாள். அந்தக் காகிதம் ஆறு வருஷம் எங்கேயோ தூங்கிவிட்டு, விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வா என்ற கடிதமாகத் திரும்பி வந்தது. விசாரணைக்கு ஐந்து வாரம் இருந்தது.

கடிதத்தைக் கையில் வாங்கியதும் அவள் நினைத்தது தம்பியைத்தான். நாலு மாதத்துக்கு முன்னால் அவள் தம்பி செல்லசாமி இதே விசாரணைக்குப் போய், இல்லை என்று பதில் வாங்கியிருந்தான். ஏன் இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. ராகு காலத்தில் படியேறினான் என்றார் கோயில் பூசாரி. தாயத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்றார்கள் லயத்துக்காரர்கள். அவன் தாயத்துக் கட்டிக்கொண்டுதான் போனான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நாகலெட்சுமி வேறு மாதிரி யோசித்தாள். அதிகாரி சிங்களத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் நடுவில் என்ன சொன்னாரோ, தம்பிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்க வேண்டும். சிங்களம் படிக்கப் போவதாக லயத்தில் சொன்னாள்.

"அஞ்சு வாரத்துல சிங்களமா?" என்று பக்கத்துக் காம்பிரா அறையிலிருந்த வீரம்மா கையைத் தட்டினாள். "அப்புறம் கோட்டு மாட்டிக்கிட்டு தொரைக்கே கட்டளை போடுவியாக்கும்!"

கீழே சிங்களக் கிராமத்திலிருந்து சோமாவதி என்ற பெண் ஞாயிறுதோறும் வெற்றிலையும் கித்துள் பனைக் கருப்பட்டியும் கொண்டுவருவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. லயத்துப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று தமிழில் கேலி பேசி விலையைக் குறைப்பார்கள். அவளிடம் நாகலெட்சுமி கையாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் சொன்னாள்: நீ எனக்குச் சிங்களம், நான் உனக்குத் தமிழ்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் பாடம். சோமாவதி முதலில் கேட்டது வணக்கமும் நலமும் அல்ல, ஏச்சு. திருப்பிக் கொடுக்க ஒன்று வேண்டுமாம். அடுத்த வாரமே வீரம்மாவைப் பார்த்து, "வாயெ மூடிக்கிட்டு வெத்தலைய எடு!" என்று ஒரு போடு போட்டாள். லயமே சிரித்தது. அன்றிலிருந்து விலை குறையவில்லை.

அதே மத்தியானம் சோமாவதி சாதாரணமாகக் கேட்டாள்: "ஒயாகெ கம கொஹெத?" உன் ஊர் எது?

"முசிறி," என்றாள் நாகலெட்சுமி யோசிக்காமல்.

"எங்கே இருக்கு?"

"இந்தியாவுல."

"அப்போ எப்போ திரும்பிப் போறே?" சோமாவதியின் முகத்தில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நாகலெட்சுமிக்குத் தம்பியும் இதையே சொல்லியிருப்பானோ என்று பட்டது. எழுந்து நேரே தம்பி காம்பிராவுக்குப் போனாள்.

"செல்லசாமி, அன்னைக்கு ஒன்கிட்ட என்னடா கேட்டாங்க?"

"என்னத்தக் கேட்டாங்க? ஊரக் கேட்டாங்க. முசிறின்னேன். அந்தாளு எழுதிக்கிட்டாரு. பெருவிரல வச்சிட்டு வந்தேன்."

"முசிறிய நீ பாத்திருக்கியாடா?"

"என்னக்கா நீ? வேற எந்த ஊரச் சொல்றதாம்?"

கிரகமும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. ஒரு மரியாதையான பதில் ஒரு மனிதனை நாடற்றவனாக்கிவிட்டது.

மூன்றாம் ஞாயிறு அவள் காலடி மண்ணைத் தொட்டுக் காட்டினாள். "என் ஊர் இதுதான்னு எப்படிச் சொல்றது?"

சோமாவதி பீலித் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி. இந்த மலை அவள் தாத்தா காடு வெட்டிப் பயிர் செய்த சேனை நிலம். இந்த ஊற்றில்தான் அவர்கள் குளித்தார்கள். ஒரு வெள்ளைக்காரன் காகிதத்தோடு வந்தான், மலை போயிற்று. "என் ஊர் இதுன்னு நீ சொல்றதுக்கு நான் சொல்லித்தரணுமா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நானா எடுத்தேன், என் தாத்தாவையும் ஆடுமாடு மாதிரி ஓட்டிக்கொண்டுதானே வந்தார்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது நாகலெட்சுமிக்கு. அதைச் சொல்லும் அளவுக்கு அவளிடம் சிங்களம் இல்லை.

நாலாம் ஞாயிறு சோமாவதி வரவில்லை. வீரம்மா, "பாடம் முடிஞ்சிருச்சா டீச்சரம்மா?" என்றாள். நாகலெட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிள்ளைகள் தூங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் ஞாயிறு, விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது, சோமாவதி வந்தாள். உட்காரவில்லை. தான் கற்ற தமிழில் பேசினாள்.

"நீ போனா மலை எனக்கு வராது. தொரை இருக்குது. வேற ஆளு கொண்டாருவான்." மூச்சு வாங்கியது. "மகே கம மேக, என் ஊர் இது. அப்படிச் சொல்லு. ஆனா வெள்ளைக்காரன் வச்ச பேரு சொல்லாதே. இந்த மலை பேரு கலுகந்த."

இருவரும் அன்று பொழுது சாயும் வரை அதிகாரியாகவும் மனுதாரராகவும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அதிகாரியாக இருந்தபோது சோமாவதி ஈவிரக்கமே காட்டவில்லை.

நுவரெலியாவில் மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"ஊர்?"

"மகே கம கலுகந்த, மாத்தயா," என்றாள் நாகலெட்சுமி. என் ஊர் கலுகந்த, ஐயா.

அதிகாரி நிமிர்ந்தார். கோப்பைப் புரட்டினார். "அப்படி ஒரு இடம் இதில் இல்லை. பிரையர்மவுண்ட் என்றுதான் இருக்கிறது."

"ரெண்டும் ஒரே மலைதான். தேயிலை வருமுன்னே இருந்த பெயர் அது. நான் பிறந்தது அங்கே. என் புருஷனைப் புதைத்ததும் அங்கே."

"உனக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"அந்த மலைக்குச் சொந்தக்காரி."

மொழிபெயர்ப்பாளர் பழைய மனுவில் ஒரு வரியை விரலால் காட்டினார். அதிகாரி தலையசைத்து எழுதினார். மை ஒற்றிய பஞ்சை அவள் பக்கம் தள்ளினார்கள்.

அவள் கையை நீட்டவில்லை. "மொகத்த லிவ்வே, மாத்தயா?" என்ன எழுதினீங்க?

"ஏய்! ஐயாகிட்டயே கேக்குறியா?" என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் சீறினார். "வெரல வச்சிட்டுக் கெளம்பு!"

"என் பிள்ளைங்க வாழ்க்கைங்க. வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பழைய மனுவில் இருந்தபடியே எழுதியதை வாசித்தார்: சொந்த ஊர் இந்தியாவில் முசிறி.

"நான் அப்படிச் சொல்லவில்லை. அது என் பாட்டனுடைய ஊர். நான் கண்ணால் கண்டதில்லை."

அவர் பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்து, மேலே கலுகந்த என்று எழுதி, கேட்காமலே வாசித்தார். அதற்குப் பிறகுதான் அவள் பெருவிரலை மையில் வைத்தாள்.

பத்து மாதம் கழித்து அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. செல்லசாமி மேன்முறையீடு செய்யும் கெடு எப்போதோ கடந்திருந்தது. ஒரே காம்பிராவில், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். அக்காள் இந்த நாட்டுக்காரி, தம்பி எந்த நாட்டுக்காரனும் இல்லை. இதற்குச் சட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாலெழுத்துப் படித்தவர்களே, சட்டத்தை மாற்றும்வரை சும்மா இருக்காதீர்கள். விசாரணைக் கடிதம் வந்திருக்கும் காம்பிராவைத் தேடி இன்றைக்கே போங்கள். அதிகாரி போல எதிரில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டாமல் விரலை வைக்காதே என்று சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்த வீடாக இருந்தால், கெடு முடியுமுன் மேன்முறையீட்டை நீங்களே எழுதிக் கொடுங்கள்.