ஆடி பிறப்பதற்குள் எனக்கு ஒரு வீடு

வீட்டு புரோக்கர் தொழிலில் பொய் சொல்லத் தேவையில்லை, உண்மையைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாலே போதும்.

கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டு வருஷமாக நான் அப்படித்தான் பிழைக்கிறேன். ஒரு ஸ்கூட்டி, ஒரு போன், கைப்பையில் பத்துப் பதினைந்து சாவிகள். ஊர் மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்து மாற்றலாகி வருகிற உத்தியோகஸ்தர்கள் அதிகம். மாட்டுக்கொட்டகைக்குக்கூட டைல்ஸ் ஒட்டி, சிங்கிள் பெட்ரூம் என்று வாடகை சொல்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில்தான், போன ஆனி மாதம், நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர் தன் மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்தார். ஆடி பிறப்பதற்குள் காலி செய்துவிடுங்கள் என்றார். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகவே எனக்கு இருந்தது அந்த ஒரு மாதம்தான். வாடகை வீட்டில் குப்பை கொட்டியவர்களுக்கு என் அவசரம் புரியும்.

ஊருக்கே தெரியும்

முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவருடைய மாடி வீட்டுக்கு இதுவரை நான்கு குடும்பங்களைக் கொண்டுவந்து விட்டவள் நான். என்னைப் பார்த்ததும் காபி வந்தது. "இந்தத் தடவை யாரும்மா பார்ட்டி?" என்று உற்சாகமாகக் கேட்டார். நான்தான் என்றேன். காபி டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லையே தவிர, முகம் அப்படியே மாறிவிட்டது.

அந்த வீட்டில் மோட்டார் போட்டால் சமையலறைக் குழாயில் தண்ணீர் வராது, குளியலறைக் கதவு மழைக்காலத்தில் சாத்தாது. இரண்டும் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வேட்டி நுனியைத் தடவியபடி சொன்னார்:

"வேற யாரையாவது இட்டாந்து வுடும்மா. நீ வந்து குந்திக்கினா, அப்புறம் இன்னா சொல்லி இந்த வூட்ட வாடகைக்கு வுடுவ?"

பீரோ இருக்கும் இடம்

கச்சிராயபாளையம் ரோட்டில் வசந்தா அக்காவின் வீடு காலியாக இருந்தது. புதுப் பெயின்ட், நல்ல வெளிச்சம். ஹாலில் ஒரு பெரிய பீரோ வேறு. அதை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா தாராளமாகச் சொன்னார். பஸ் கண்டக்டரான என் கணவர் அந்த இடத்திலேயே குடிவந்துவிட்ட மாதிரி மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்குத்தான் பீரோவைப் பார்த்ததும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஞாபகம் வந்தது. உப்புப் பூத்த சுவருக்கு என்ன வைத்தியம் என்று அக்கா அப்போது கேட்டிருந்தார். உள்ளே கசிகிற குழாயைச் சரிசெய்து, பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, பிறகு பூசிப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவசரமென்றால் ஒரு பீரோவை நிறுத்தி மறையுங்கள் என்றும் சொல்லித் தொலைத்திருந்தேன். இப்போது பீரோவை லேசாக நகர்த்தினேன். பின்னால் சுவர் தோசை மாவு மாதிரி பொங்கியிருந்தது. அக்காவுக்குத் துளியும் கூச்சமில்லை.

"நீ சொன்ன வைத்தியந்தான கலா, நீயே நவுத்திப் பாத்தா இன்னா அர்த்தம்?"

வாய்ப் பழக்கம்

ஒருவழியாக, ஏரிக்கரைப் பக்கத்துத் தெருவில் மனசுக்குப் பிடித்த வீடு கிடைத்தது. இரண்டு அறை, நல்ல தண்ணீர், ஒழுகாத கூரை. மறுநாள் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாக ஓனரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலையே வெள்ளிமலையிலிருந்து பொன்னுசாமி என்றொருவர் மனைவியோடும் மகளோடும் வந்து நின்றார். மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். மகள் பவித்ராவுக்கு இங்கே காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, அம்மாவும் கூடவே வந்து தங்குவதாக ஏற்பாடு. "தெருவு நல்ல தெருவுங்களா? பொண்ணு தனியா போயி வரணும்" என்று மட்டும்தான் அவர் கேட்டார். வேறொரு வீட்டைக் காட்டத்தான் கிளம்பினேன். ஆனால் நல்ல தெரு என்று கேட்டதும் வாய் தானாக அந்த வீட்டைப் புகழ ஆரம்பித்துவிட்டது, ஸ்கூட்டியும் அங்கேயே போய் நின்றது. அந்தப் பெண் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்துச் சிரித்தபோது, இது எனக்கு என்று சொல்ல மனசு வரவில்லை. அட்வான்ஸ் கைமாறிவிட்டது. ராத்திரி சோறு போடும்போது கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஊருக்கெல்லாம் வூடு காட்டற. எனக்கு எந்த மரத்தடின்னு மட்டும் சொல்லிடு, சாமான எறக்கணும்."

விசாரணை

ஆனி முடிய இரண்டே நாள். சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, மறைப்பானேன்.

அப்போது பொன்னுசாமி மகளோடு வாசலில் வந்து நின்றார். வீட்டை வேண்டாமென்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். அவர் சொன்னது வேறு. ஆடிப் பட்டத்துக்கு விதைப்பு இருப்பதால் அவர் மனைவியால் இப்போதைக்கு மலையை விட்டு இறங்க முடியாதாம். அந்த வீட்டை நான் எனக்காகப் பார்த்து வைத்திருந்தேன் என்று ஓனர் அவரிடம் உளறிவிட்டிருந்தார். ஓனருக்குச் சம்மதம், நாங்கள் அங்கே குடிவந்து, ஓர் அறையைப் பவித்ராவுக்குக் கொடுத்து, வேளைக்குச் சோறு போட்டால் போதும் என்றார்.

ஆனியின் கடைசி நாள் காலையில் பால் பொங்கியது. பவித்ராதான் டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தாள். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, எங்கப்பா சும்மா ஒத்துக்கல. நீங்க எப்டின்னு மூணு தெருவுல விசாரிச்சிட்டுதான் உங்க வூட்டுக்கே வந்தாரு."

பன்னிரண்டு வருஷம் ஊருக்கு வீடு பிடித்துக் கொடுத்த எனக்கு வீடு பிடித்துக் கொடுத்ததோடு நில்லாமல், கமிஷன் கேட்காமலேயே மலையேறிப் போய் எங்கள் தொழிலின் மானத்தையே வாங்கிவிட்டார் அந்த மனிதர்.