புறங்கையால் தொட்ட மைக்

ஜெர்மனிக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியும் வாஷிங் மெஷினை நான் முதலில் புறங்கையால்தான் தொடுகிறேன். ஃபிரிட்ஜ், டோஸ்டர், அலுவலகத்துக் காபி மெஷின், எதுவானாலும் அப்படித்தான். சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறாயா என ஒருநாள் உடன் வேலை செய்யும் ஜெர்மன்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நம் பக்கத்தில் பம்ப்செட் வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கையால் தொட்டுக் கரண்ட் அடித்தால் விரல்கள் மூடிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. புறங்கை என்றால் உதறிவிடும்.

போன வாரம் என் மகள் கயல், பள்ளிக்கூட ராக் பேண்டில் பாடப்போவதாகச் சொன்னாள். வயது பதினைந்து. மேடையில் வெறுங்காலோடு நிற்பதுதான் தன் ஸ்டைல் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாளே, அதற்குப் பயந்து, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்தேன்.

எங்களுக்கும் ஒரு பேண்ட் இருந்தது, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், செந்தில் வீட்டு மோட்டார் கொட்டகையில். செந்தில் டிரம்ஸ், நான் கிடார், ஜவுளிக்கடை பாய் மகன் ரஃபீக் பாட்டு. ராக் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். வயலில் களையெடுத்த பெண்கள் அதைத் தலைவலி என்றார்கள். கொட்டகைக்கு வெளியே, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழி. கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, அதனால் தினமும் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். செந்திலின் அப்பா போட்ட ஒரே நிபந்தனை அதுதான். முறை வைத்து ஊற்றினோம். அந்தச் சித்திரை மாதப் பகலில் முறை என்னுடையது. புதிதாகப் பழகியதை வாசித்துக் காட்டும் அவசரத்தில் குடத்தை நான் தொடவேயில்லை. ரஃபீக் தொட்டியில் கால் கழுவிவிட்டு, ஈரக்காலோடு வந்து மைக்கைப் பிடித்தான். தலை பின்னால் சாய்ந்தது. தோள் குலுங்கியது, முட்டி ஆடியது. அவன் அப்படி ஆடி நாங்கள் பார்த்ததில்லை. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கை தட்டினேன்.

"டேய், அவன் ஆடலடா" என்று சொல்லிக்கொண்டே செந்தில் டிரம்ஸைத் தாண்டிப் பாய்ந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான்.

ரஃபீக் பிழைத்துக்கொண்டான். இரண்டு விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. அதன்பிறகு அவன் பாடவில்லை. இப்போது பேராவூரணியில் கடை வைத்திருக்கிறான். பழைய ஆம்ப்ளிஃபயர்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறான். குடத்தைப் பற்றி நான் அவனிடம் சொன்னதே இல்லை. போனில், எப்போது ஊருக்கு வருகிறாய் என்று அவன் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும்.

நேற்று நிகழ்ச்சி. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், மேடையேறி, மைக்கைப் புறங்கையால் தொட்டேன். ஒன்றுமில்லை. மறுபடியும் தொட்டேன். இசை ஆசிரியை பார்த்துவிட்டார். இது இந்தியாவில் ஆசி வழங்கும் முறையா என்று மரியாதையோடு கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். உடனே அவரும் தன் புறங்கையால் மைக்கை ஒருமுறை தொட்டுக்கொண்டார். கயலுக்கு மானம் போய்விட்டது.

"அப்பா, ப்ளீஸ், கீழ போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் பாடினாள். நன்றாகப் பாடினாள் என்றுதான் நினைக்கிறேன், நான் பாட்டைக் கேட்கவில்லை, அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தாள். தோள் குலுங்கியது. அரங்கம் முழுவதும் கை தட்டியது. நீங்களும் தட்டுங்கள் என்பதுபோலப் பக்கத்து இருக்கைப் பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எழுந்துவிட்டிருந்தேன். சுற்றிலும் வெள்ளைச் சுவர். இந்த நாட்டில் ஃபியூஸ் கட்டையை எங்கே வைப்பார்கள் என்று பதினான்கு ஆண்டுகளில் ஒருவரிடமும் நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.