ஜட்ஜு கேட்பார் என்று காத்திருந்தவள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைக் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முதுகு விறைத்துப்போனவள். பிடிவாதமும் அதே விறைப்புதான். அந்தப் பிடிவாதம்தான் தம்பியை உள்ளே தள்ளியது என்று அவளே சொல்லுவாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரு பெரிய கட்டடத்தில் பாதி வேலையில் சாமான் வாங்க வெளியே போயிருந்தான். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் சரிந்து ஒருவர் கால் நசுங்கிவிட்டது. "பழுது, ஏறாதீர்கள்" என்ற பலகையை மாட்டாமல் போய்விட்டான் என்று வழக்கு. மாட்டினேன் மாட்டினேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். யார் நம்புவார்கள்?

அக்கா பார்த்திருந்தாள். அன்று அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, கட்டட மேனேஜர் தன் கையாலேயே பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தது அவள் கண்ணில் பட்டது.

பிறகு ஏன் சொல்லவில்லை? அங்கேதான் வந்தது வினை. பத்து வருஷம் அவள் வேறொரு நாட்டில் ஓட்டல் துணி தேய்த்தவள். அங்கே ஒருமுறை கொதிகலன் வெடித்து வழக்கானது. அந்த ஊரில் ஜட்ஜேதான் விசாரிப்பார். தலையணை மொத்தத்துக்கு ஒரு கேஸ் கட்டைப் படித்துவிட்டு வந்து, ஒவ்வொருவரையும் அவரே துருவினார். கொதிகலனை நேரில் வந்து தொட்டுப் பார்த்தார். அவளை மூன்று முறை கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடிக் காத்திருந்தார். வக்கீல்கள் அழையாத வீட்டு விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி அவர்களிடம் முன்கூட்டியே பேசக் கூடாது என்று கண்டிப்பு. அது அவள் மனசில் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது.

"அக்கா, அன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்று தம்பியின் வக்கீல் கேட்டார்.

"அத ஜட்ஜுகிட்ட சொல்லிக்கறேன்."

"எங்கிட்ட சொன்னாத்தானே நான் உங்களக் கேக்க முடியும்?"

"நீங்க எதுக்குக் கேக்கணும்? அவரு கேப்பாரு. உங்ககிட்ட ஒப்பிச்சா, சொல்லிக்குடுத்த சாட்சின்னு ஆயிடும்."

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பதில் தெரியாத கேள்வியைக் கோர்ட்டில் கேட்க எந்த வக்கீலுக்கும் உதறல். அதனால் அவளைக் கூண்டில் ஏற்றி இரண்டே கேள்வி கேட்டார். தம்பி பொறுப்பானவரா? ஆமாங்க. குடிப்பழக்கம் உண்டா? கிடையாதுங்க. அரசு வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை.

"இறங்கலாம்மா" என்றார் ஜட்ஜு.

"ஐயா, நீங்க ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்கறது அவங்க வேலைம்மா. ரெண்டு பக்கமும் கொண்டாந்து வைக்கறத வெச்சுத்தான் நான் தீர்ப்பு சொல்லணும். இறங்குங்க."

பின்வரிசையில் சிரித்தார்கள். மறுபடி கூப்பிடுவார் என்று அவள் வராந்தா பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். கதவு பூட்ட வந்தவர்தான் எழுப்பி அனுப்பினார்.

தம்பிக்கு இரண்டு வருஷம். அதன் பிறகு வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பீலில், கூண்டில் நின்றபோதே சொல்லியிருக்கலாமே, இது புதுச் சாட்சியம் ஆகாது என்று தள்ளிவிட்டார்கள்.

அப்போது சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. சாட்சியை இறக்குமுன், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஜட்ஜு கேட்டே ஆக வேண்டும் என்று ஒரே ஒரு வரி. குழு போட்டு ஜனங்களிடம் கருத்துக் கேட்டார்கள். கஞ்சியக்கா லீவு போட்டுப் போனாள். டோக்கன் எண்பத்தாறு. மூன்று நிமிஷம்.

"எனக்கு அன்னிக்கு அரை நிமிஷம் குடுத்திருந்தாலே போதுமேய்யா" என்றாள்.

"ஜட்ஜே கேக்க ஆரம்பிச்சா அவரு எந்தப் பக்கம்னு சந்தேகம் வராதாம்மா? அவரே தப்பா ஒரு முடிவுக்கு வந்துட்டா யாரு தடுக்கறது?" என்றார் ஓர் உறுப்பினர்.

அந்த நாட்டு ஓட்டலில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவனின் ஞாபகம் வந்தது. முதல் நாளே ஜட்ஜு அவனைத்தான் முறைத்தார். கடைசியில் அவன்தான் உள்ளே போனான். செய்தவன் அவன்தானா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பதில் யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

மசோதா சபைக்குப் போனது, திருத்தத்துக்குத் திரும்பி வந்தது, மறுபடி போனது. அதற்குள் சபையையே கலைத்துவிட்டார்கள். மசோதாவும் செத்தது. இனிப் புதுச் சபை வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம்.

அதற்கு முன்பே தம்பி வெளியே வந்துவிட்டான். அவள் போய்க் கூட்டிவந்தபோது, பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். இரண்டு வருஷமாக அவன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பான் கேட்பான் என்று மூன்று நிறுத்தம் பார்த்தாள். பிறகு கேட்காமலே சொன்னாள்.

"வாயத் தொறக்காம நின்னது என் தப்புடா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏன் ஒரு தடவகூடக் கேக்கல?"

"கேட்டா நீ அழுவே. ஜெயில்ல பாக்க விடறதே கால் மணி நேரம். அதுல அழுகைக்கு எங்க எடம்?" அவள் பக்கம் திரும்பினான். "வேற ஏதாவது சொல்லணுமா?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"முதுகு வலிக்குதுடா" என்றாள். "மிச்சத்த வீட்டுல சொல்றேன்."