இடுக்கி வேண்டாம் என்றவள்

குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையில் எல்லோருக்கும் அவள் பெரிய சிஸ்டர். பதினாறு வருஷமாக, டாக்டர் கை நீட்டுவதற்குள் கருவியை எடுத்து வைப்பவள். குடலுக்குள் பயறளவு முளைக்கும் சதையை எடுக்க அங்கே இரண்டு வழி. சின்ன வாய் வைத்த இடுக்கி கிள்ளி எடுக்கும். மெல்லிய கம்பிச் சுருக்கு அடியோடு இறுக்கி அறுக்கும். எது மிச்சம் வைக்காமல் எடுக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. சம்மதித்த நோயாளிக்கு எந்தக் கருவி என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை; குலுக்கல் முறையில் முன்பே சீட்டுப் போட்டு ஒட்டிய உறைதான் சொல்லும். "ரெண்டும் ஒண்ணுதாங்க, பயப்படாதீங்க" என்று அவள் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய அண்ணன் குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். "கூடப் பிறந்தவங்க நீங்களும் குழாய் விட்டுப் பார்த்துடணும்மா" என்றார் டாக்டர். ரெண்டு மாசம் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள்.

"ஊருக்கெல்லாம் தைரியம் சொல்ற, உனக்குச் சொல்ல ஆளில்லையா?" என்றார் கணவர். ரோஷத்தில் பரிசோதனையோடு ஆய்வுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டாள்.

மயக்க ஊசி வேண்டாம் என்று, ஒருக்களித்துப் படுத்தபடி திரையையே பார்த்தாள். குடல் மடிப்பு மடிப்பாகச் சுத்தமாக வந்தது. ஒரு வளைவில் வெளிறிய மொட்டு.

"நாலு மில்லிமீட்டர் இருக்கும்," என்றார் டாக்டர். இளைய நர்ஸ் உறையைப் பிரித்தாள். "இடுக்கி, சார்."

இடுக்கியால் ரெண்டு முறை கிள்ளி, ரத்தம் மறைத்த இடத்தைப் பார்த்து, "போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்று டாக்டர் முனகிய நாள்கள் ஞாபகம் வந்தன. அந்த 'நினைக்கிறேன்' இப்போது அவள் குடலில்.

"நில்லுங்க டாக்டர்! எனக்கு இடுக்கி வேண்டாம். ஆய்வுலேருந்து விலகிக்கிறேன். மன்னிச்சிடுங்க."

"மன்னிக்க என்ன இருக்கு? அது உங்க உரிமை. சுருக்கை எடும்மா."

கம்பி இறுகியது. வலிக்கவேயில்லை. ஆனால் திரை முழுக்கச் சிவப்பு. தானாக நிற்கும் ரத்தம் என்று ஆயிரம் முறை பார்த்தவள், தன் ரத்தம் என்றதும் பல்லைக் கடித்தாள். நின்றது.

"துண்டு எங்கே?" என்றார் டாக்டர்.

காணோம். சுருக்கின் குறை அதுதான்: இடுக்கி துண்டை வாயிலேயே வைத்திருக்கும், சுருக்கு அறுத்துப் போட்டுவிடும். சோதனைக்கு அனுப்பத் துண்டு இல்லாவிட்டால் நல்லதா கெட்டதா என்று யார் சொல்வது? தான் கேட்டு வாங்கிய வினை என்று கண்ணை மூடிக்கொண்டாள். உறிஞ்சு குழாயின் வடிகட்டியில் நர்ஸ் தேடி எடுக்க நாலு நிமிஷம் ஆனது.

முடிவு வரப் பத்து நாள். சோறு இறங்கவில்லை. வேலைக்கு மட்டும் போனாள். ஒரு லாரி டிரைவர் ஆய்வின் சம்மதப் படிவத்தைப் பிடித்தபடி, "எதும்மா நல்லது?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியாதுங்க. என் முறை வந்தப்ப நானே பயந்து விலகிட்டேன். வேணாம்னா நீங்களும் விலகலாம்."

பதினோராம் நாள் காகிதம் வந்தது. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் பின்னால் மாறியிருக்கலாம். மாடிப்படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணுமில்லையாம். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி பார்க்கணுமாம். எனக்கு இப்பவே பயமா இருக்கு."

"சரி, பயப்படு," என்றார் அவர். "ஆனா மொதல்ல சாப்பிடு."