தன்னைத் திட்டிய கட்டுரையைத் தன் கையால் எழுதியவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நஞ்சன்கூடு ஆலையில் என்னோடு வேலை பார்த்த மாதேஷ் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அண்ணா, நம்ம பழனிசாமி மேஷ்ட்ரு போயிட்டாரு" என்றார். மேஷ்ட்ரு என்னைவிடப் பத்து வயது இளையவர். என் முறை இருக்க அவர் முந்தியதை நான் இன்னும் ஏற்கவில்லை.

பழனிசாமி அவர்கள் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்துக்காரர்; மைசூரில் கல்லூரி ஆசிரியர். எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தின் சைக்ளோஸ்டைல் இதழுக்கும் அவர்தான் ஆசிரியர். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு பொதுவுடைமைத் தோழர்கள் பலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவர் பின்நவீனத்துவம் பேச ஆரம்பித்தார். ஒற்றை உண்மை என்று ஒன்று இல்லை, எல்லாம் அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்றார். நான் எட்டாம் வகுப்போடு ஆலைக்குப் போனவன். அகராதியை வைத்துக்கொண்டு பொதுவுடைமை படித்தவன். "இயந்திரத்தில் விரல் போனவனுக்கு, விரல் போனது உண்மையா, ஒரு பார்வையா?" என்று அவரைப் பெயர் சொல்லிக் கேட்டு எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

குழுவிலிருந்த இளைஞர்கள் போடக்கூடாது என்றார்கள். மனத்தைப் புண்படுத்துகிறதாம், முற்போக்கு இதழுக்கு ஒவ்வாதாம். முன்பு எங்கள் துண்டறிக்கைகளைப் பிடுங்கியது ஆலை நிர்வாகம், இப்போது நம்மவர்களே. எனக்கு எழுத வேறு இடம் கிடையாது. போடாவிட்டால் வட்டத்தை விட்டே போகிறேன் என்றேன். படியெடுக்கும் மெழுகுத்தாளில், அதாவது ஸ்டென்சிலில், இதழைக் கையால் எழுதும் மாரிமுத்து எழுத மறுத்து எழுந்துவிட்டார்.

அந்த நாற்காலியில் பழனிசாமி அவர்கள் உட்கார்ந்தார். "பெரியவரே, திட்டறதுன்னா வெவரமாத் திட்டோணுங்க. மூணாம் பக்கத்துல நான் சொல்லாததச் சொன்னதா எழுதியிருக்கீங்க. நான் சொன்னதையே போடுங்க, அது இதவிட மோசம்."

"அப்ப தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"அதுக்கு அடுத்த இதழ்ல இருக்குதுங்க உங்களுக்கு."

"சார், இது உங்களுக்கு அவமானம் இல்லையா?" என்றார் மாரிமுத்து.

"அத நான் பாத்துக்கறேன் மாரி. நீ மெஷினுக்கு மை போடு."

எட்டுப் பக்கத்தையும் அவரே ஸ்டென்சிலில் எழுதினார். மூன்றாம் பக்கத் தவறைத் திருத்தினேன். மற்றபடி ஒரு சொல்லைக்கூட அவர் மென்மையாக்கவில்லை. நான் வட்டத்திலேயே இருந்தேன். அடுத்த இதழில் அவர் பதில் எழுதினார். அதற்கு நான் எழுதினேன். மாரிமுத்துவே முணுமுணுத்துக்கொண்டு ஸ்டென்சில் எழுதினார். ஆண்டுக்கணக்கில் இருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை.

அந்த முதல் இதழ் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமைதான் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பேருந்து நிலையத்தில், மை படிந்த விரல்களோடு, ஊருக்குப் போகும் தமிழர்களை மறித்து இதழைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஏழாம் பக்கத்தப் பாருங்க. என்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருக்காரு."

பழனிசாமி அவர்களே, நீங்கள் சொன்னது தவறுதான். இதை மறுக்க இனி நீங்கள் வரமாட்டீர்கள் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. போய் வாருங்கள்.