மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு கடல்

போன வாரம், கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள், ராஜபாளையத்தில் நண்பர் ஜெயசீலன் வீட்டில் இருந்தேன். மனுஷர் கடல் ஓவியர். நம்ம ஊர்ப்பக்கம் எங்கே தேடினாலும் கடல் கிடையாது சார் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்... கேட்டால்தானே?

மழை பிடித்தால் பைக்கை எடுத்துக்கொண்டு பிளவக்கல் அணைக்குப் போய்விடுவார். மலையிலிருந்து மேகம் இறங்கித் தண்ணீரைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். திரும்பி வந்து வரைந்தால் — கடல்! படகு இருக்காது, பறவை இருக்காது. சாம்பலும் நீலமும் மட்டும். இங்கே தறியில் ஓடும் பேண்டேஜ் துணியை ஈர வண்ணத்தின் மேல் ஒற்றி எடுப்பார், நுரை வந்துவிடும். ஆனால் "இதில் எது வானம், எது தண்ணீர்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அப்படிக் கேட்ட ஒருவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மரியபுஷ்பம் என்ற அம்மா பஸ்ஸில் வந்தார். அவர் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவே இல்லை.

"நாளைக்கு எல்லாரும் கல்லறைக்கு மாலையும் மெழுகுவத்தியும் கொண்டு போவாக தம்பி. நான் எங்க கொண்டு போவேன்? அதான் ஒரு கடல் படம் வேணும்னு மக போன்ல ஒங்ககிட்ட கேட்டா."

ஜெயசீலன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். எனக்கோ பயம். "இதுல கடல் எங்கே?" என்று அந்த அம்மா கேட்டுவிட்டால்? இவர் வழக்கமான வீம்பைக் காட்டிவிட்டால்?

அந்த அம்மா படத்தின் முன் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இம்புட்டுத் தண்ணிக்குள்ளயா கெடக்கான்..."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்.

"தம்பி, இதுல தலைமாடு எந்தப் பக்கம்? மெழுகுவத்திய அங்கனதான ஏத்தணும்?"

கல்லறை என்றால் சிலுவை இருக்கும் பக்கம் தலை; யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடலில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஜெயசீலன் அவருக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். படத்தின் இடது ஓரத்தில், லேசாக வெளிச்சம் கசியும் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, இந்தப் பக்கம்மா. இங்க ஏத்துங்க."

ஓவியத்துக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்பார்கள். கேட்பது யார் என்று பார்க்க வேண்டாமா?